காலியாக விட்ட கட்டம்

ஷெரிஃப் அலுவலகத்தில் இவ்வளவு நல்ல காபி கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் கடையில் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் காபியை நீங்கள் ஒரு தடவை குடித்திருந்தால், இதை நான் ஏன் சொல்கிறேன் என்று புரிந்திருக்கும். மெர்ல் டெட்ரிக் முதலாளியாக எல்லாவற்றிலும் தாராளம், காபித்தூளில் மட்டும் கருமி. நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

பர்ல் இங்கே வந்து என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். அவன் எங்கள் பட்டறையில் நல்ல மெக்கானிக். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவனுக்கு எதையும் முதலிலிருந்து சொல்லத் தெரியாது, நடுவில் ஆரம்பித்துக் கடைசிக்குத் தாவிவிடுவான். அதனால்தான் நீங்கள் கூப்பிட்டதும் வக்கீல் எல்லாம் வேண்டாம் என்று நானே வந்தேன். முறையாகச் சொன்னால் இதில் குழப்பம் எதுவும் இல்லை.

டெட்ரிக் மோட்டார்ஸில் விற்பது மற்றவர்கள் வேலை, கார் செய்யும் ஆலையிலிருந்து வண்டி வரவழைப்பது என் வேலை. கார் கடைக்காரன் சட்டைக் கடையில் சட்டை எடுப்பதுபோல வேண்டிய காரை எடுத்துக்கொள்கிறான் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. குடும்பஸ்தர்கள் வாங்கும் நாலு கதவு வண்டிகளையும் விவசாயிகளின் பிக்கப்களையும் வரிசையாக விற்றுக் காட்டினால்தான், பரிசு கொடுப்பதுபோல ஒரு வேக வண்டி தருவார்கள். ஊர்ப் பையன்கள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்ப்பார்களே, அந்த வண்டி. அதற்காகக் கிளீவ்லாந்தில் இருக்கும் ஆலையின் வட்டார அலுவலகத்திடம் கெஞ்ச வேண்டும், சிரிக்க வேண்டும், கிறிஸ்துமஸுக்குப் பன்றித்தொடை ஹாம் அனுப்ப வேண்டும். பத்தொன்பது வருஷம் அதைச் செய்தவன் நான்.

ஆர்டர் படிவத்தில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். எஞ்சின், கியர், டயர், பிரேக், ரேடியோ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். டிக் அடித்தது வரும். அடிக்காவிட்டால் அந்த மாடலில் மிக மலிவான வண்டிக்கு எதைப் போடுவார்களோ அதைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். வண்டி ஆலையின் வாசலைத் தாண்டிய அன்றே எங்கள் பெயரில் பில் போட்டுவிடுவார்கள். பாங்க் அவர்களுக்குப் பணத்தைக் கட்டிவிடும். அதன் பிறகு அது எங்கள் வண்டி. பிடிக்கவில்லை, நிறம் சரியில்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மெர்லுக்குப் பிள்ளைகள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அவர் மனைவி ஐரீன் மாட்டிறைச்சியை மெத்தென்று வேகவைத்துப் பரிமாறுவாள். அந்த மேசையில் வைத்துத்தான் மெர்ல் சொன்னார்:

"எனக்கப்புறம் கடை உனக்குத்தான் லோவெல். நாய்க்கா குடுக்கப் போறேன்?"

ஆலையோடு போடும் ஒப்பந்தத்தில் முதலாளிக்குப் பிறகு யார் என்று பெயர் எழுத ஒரு இடம் உண்டு. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதெல்லாம் அடுத்த தடவை உன் பெயரைப் போட்டுவிடலாம் என்பார். நானும் சரி என்பேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வேறு ஊருக்குப் போகவில்லை. கொலம்பஸில் ஒரு பெரிய கடை இரட்டைச் சம்பளத்துக்குக் கூப்பிட்டபோதும் போகவில்லை. எனக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததில்லை. கடையின் முன்னால் அந்தப் பெயர்ப் பலகையில் டெட்ரிக்குக்குக் கீழே ப்ரூனர் என்று என் பெயரும் சின்ன எழுத்தில் இருந்தால்கூடப் போதும் என்று இருந்தேன்.

அறுபத்தொன்பதாம் வருஷ வசந்தத்தில் டென்னி பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தான். மெர்லின் தங்கை மகன். மெர்லுக்குத் தலைகால் புரியவில்லை. அவனை ஷோரூமுக்குள் தோளில் கைபோட்டுக் கூட்டிவந்து ஒவ்வொரு வண்டியாகக் காட்டினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மாலையில் என் மேசைக்கு வந்து நாற்காலியில் உட்காராமலே பேசினார்.

"ஒப்பந்தத்துல பையன் பேரப் போடலாம்னு இருக்கேன் லோவெல். என்ன இருந்தாலும் ரத்தம்னு ஒண்ணு இருக்குல்ல. நீ தப்பா எடுத்துக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

"இதுல தப்பா எடுத்துக்க என்ன இருக்கு மெர்ல்."

"அதான பாத்தேன். நீ தங்கமான ஆளுப்பா."

எனக்குக் கோபம்தான். அதை மறைக்க விரும்பவில்லை. வீட்டுக்குப் போய்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அடுத்த நாள் வழக்கம்போலக் கடை திறப்பதற்கு முன்பே போய்விட்டேன். கோபத்தில் எதையும் செய்கிற ஆள் நான் இல்லை.

டென்னி மோசமான பையன் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எல்லோரையும் சிரிக்க வைப்பான். பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். காலையில் வரும்போதே என் கழுத்தைப் பார்ப்பான்.

"லோவெல் சார், அந்தப் பழுப்பு டைக்கு லீவு குடுங்க, பாவம். அது என்னைவிட அதிகமா சண்டை பாத்துட்டு வந்த மாதிரி இருக்கு."

பட்டறையில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

டெமோ வண்டி என்று எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. கடை பெயரில் வாங்கி விற்பனையாளன் கையில் கொடுப்பது. அவன் அதைத் தன் வண்டி மாதிரி ஊரெல்லாம் ஓட்டுவான், ஆசைப்படுகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போவான், அவர்கள் கடைக்கு வருவார்கள். மெர்ல் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்:

"பையனுக்கு ஒரு டெமோ போடு. ஊரே திரும்பிப் பாக்கணும். இருக்கறதுலயே பெரிய எஞ்சினாப் போட்டுடு."

சொன்னதைச் செய்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை, முட்டை சாண்ட்விச்சைத் தின்றுகொண்டே படிவத்தை நிரப்பினேன். இருப்பதிலேயே பெரிய எஞ்சினுக்கு டிக். கையால் மாற்றும் கியர், டிக். சீறிக்கொண்டு கிளம்பவைக்கும் பின்னச்சு, டிக். பானட்டில் கறுப்புப் பட்டை, டிக். பிரேக் கட்டத்தில் பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன். டயர் கட்டத்தையும் விட்டுவிட்டேன்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வரும் வண்டிக்குப் போடுகிற சூடேறினால் பிடிக்காத சாதாரண டிரம் பிரேக்கையும் ஒல்லி டயரையும் அந்த எஞ்சினோடு சேர்த்து அனுப்புவார்கள். நேர்ச் சாலையில் பந்தயம் ஓட்டுகிற சிலர் எடை குறையட்டும் என்று அப்படிக் கேட்டு வாங்குவது உண்டு. அவர்கள் ஒரு ஓட்டம் ஓடி, பிரேக் ஆறும்வரை காத்திருப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் அப்படி ஒரு வண்டியை நான் குவாரி சாலையில் இறக்கத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். முதல் வளைவில் பிரேக் பிடித்தது. சர்ச் பக்கம் அரைமனதாகப் பிடித்தது. கீழே ரயில்வே கேட் வந்தபோது மரக்கட்டையை மிதிக்கிற மாதிரி இருந்தது, பிடிக்கவே இல்லை. அன்று ரயில் இல்லை. கேட்டைத் தாண்டி வண்டி தானாக வேகம் குறைந்து நின்ற பிறகு, பிரேக் ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மூன்று நாள் கழித்து வட்டார அலுவலகத்திலிருந்து திருமதி கோவாக் கூப்பிட்டாள். இத்தனை வருஷமாக ஃபோனில்தான் பழக்கம், நேரில் பார்த்ததில்லை.

"என்ன லோவெல், கண்ணாடி போடாம ஃபாரம் எழுதினீங்களா? பிரேக் கட்டம் காலியா இருக்கே."

"இது பந்தயக்காரங்க ரகம்மா. எடை குறையணும்."

"அது சரி. ஆனா ஒத்த வண்டின்னா ஆலையில செய்ய மாட்டாங்க. யாரோ மறந்துட்டான்னு நெனச்சு என் மேசைக்கே திருப்பி அனுப்புவாங்க. நாலு வண்டி அச்சா அதே மாதிரி கேட்டீங்கன்னா, கடைக்காரர் விருப்பம்னு பேசாம செஞ்சு அனுப்பிடுவாங்க."

"அப்ப எங்க வருஷப் பங்கு மொத்தத்தையும் வச்சு நாலு போடுங்க."

"நாலும் வித்துடுமா?"

"விக்கத்தானம்மா கடை திறந்து வச்சிருக்கோம்."

அவள் சிரித்தாள். என் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வைத்தாள். அவளை நீங்கள் இதில் இழுக்கக்கூடாது, அருமையான பெண்மணி. எனக்கும் தேவைப்பட்டது ஒரே ஒரு வண்டிதான். ஒன்று கேட்டால் தவறு, நாலு கேட்டால் விருப்பம் என்பது ஆலையின் வழக்கம், நான் போட்ட சட்டம் இல்லை.

வண்டிகள் வருவதற்கு முன்பே பில் வந்துவிட்டது. பில்லில் இருப்பது மட்டும்தான் அச்சாகியிருக்கும், இல்லாததைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. மெர்ல் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார்.

"அடேங்கப்பா, நாலும் இவ்வளவு சல்லிசா எப்படிப்பா வாங்கின? நீ மனுஷனே இல்ல!"

லாரியிலிருந்து நாலும் இறங்கின. எல்லாம் ஆரஞ்சு நிறம், கண்ணைப் பறித்தது. வண்டியைக் கையில் கொடுக்கும் முன் சோதித்துப் பார்ப்பது பர்லின் வேலை. அடியில் படுத்திருந்தவன் வெளியே வந்து துணியில் கையைத் துடைத்தான்.

"பிரேக்கை எவன் மறந்தது?"

"யாரும் மறக்கல. ஆர்டர்ல என்ன இருக்கோ அது வந்திருக்கா இல்லையா?"

"வந்திருக்கு."

"அப்ப கையெழுத்துப் போடு."

"இதை யாரு ஓட்டப் போறா லோவெல்?"

பேனாவை நீட்டினேன். அவன் என்னையே பார்த்தான், பிறகு கையெழுத்துப் போட்டான். அவனுக்கும் குழந்தைகுட்டி இருக்கிறது, வேலை வேண்டும். அதை நான் புரிந்துகொள்கிறேன்.

அன்று மத்தியானமே டென்னி என் மேசைக்கு வந்தான். எதிர்க்கடையில் வாங்கிய செர்ரி கேக் ஒரு துண்டை என் முன்னால் வைத்துவிட்டு, மேசை விளிம்பில் உட்கார்ந்தான்.

"லோவெல் சார், மாமாகிட்ட ஒண்ணு சொல்லிட்டேன். ஒப்பந்தத்துல என் பேரு மட்டும்னா கையெழுத்து வேண்டாம்னுட்டேன். ரெண்டு பேரு பேரும் போடணும். பாதிப் பாதி."

"எதுக்குப்பா?"

"எதுக்கா? எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், வாயடிக்கத் தெரியும். வேற என்ன தெரியும்? நீங்க இல்லைன்னா ஒரே மாசத்துல கடைய கவுத்துருவேன். மாமா கொஞ்சம் முரண்டு பிடிச்சாரு, அப்புறம் சரின்னுட்டாரு. அந்த டைய மட்டும் மாத்திருங்க, பார்ட்னர்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவன் சாவிக்குக் கையை நீட்டினான். சாவி என் மேசை இழுப்பறையில் இருந்தது.

நீங்கள் இந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டீர்கள். பர்லும் இங்கேதான் வாய்க்கு வந்தபடி பேசியிருப்பான். கொஞ்சம் என் இடத்திலிருந்து பாருங்கள். படிவத்தை ஆலை எடுத்துக்கொள்ளும்வரைதான் மாற்றலாம். பில் வந்துவிட்டது, வண்டி எங்களுடையதாகிவிட்டது. டென்னிக்கு வேறு வண்டி கொடுத்தால் மெர்ல் ஏன் என்று கேட்பார். இந்த நாலையும் எதற்கு வரவழைத்தாய் என்பார். திருமதி கோவாக்குக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். பிரேக்கைப் பட்டறையிலேயே மாற்றச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கு பர்லிடம் காரணம் சொல்ல வேண்டும். அவன் பார்த்த பார்வைக்குப் பிறகு அவனிடம் போய் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. ஐரீனின் மேசையில் எனக்குச் சொன்னது முழுக் கடை. யாரும் அன்று பாதி என்று சொல்லவில்லை.

சாவியைக் கொடுத்தேன். கேக்கையும் சாப்பிட்டேன், நன்றாக இருந்தது.

அந்தக் கோடை முழுவதும் ஒன்றும் நடக்கவில்லை. டென்னி நான் நினைத்ததைவிட நிதானமாக ஓட்டினான். பட்டாளத்தில் எதையோ பார்த்துவிட்டு வந்தவன் என்பதால் இருக்கலாம். நான் அவனை அவசரப்படுத்தவில்லை. செப்டம்பரில் ஒரு தடவை, பேச்சோடு பேச்சாக, வாடிக்கையாளரைக் கூட்டிப்போக குவாரி சாலைதான் சரி, மேலேயிருந்து இறங்கினால்தான் எஞ்சினின் அருமை தெரியும் என்று சொன்னேன். அவன் நல்ல யோசனை என்றான். மற்ற மூன்று வண்டிகளையும், வாங்க வந்தவர்களை அந்தச் சாலையில் கூட்டிப்போய்த்தான் விற்றான். பக்கத்தில் ஆள் இருந்தால் மெதுவாகப் போவான்.

அக்டோபர் கடைசி வாரம், மக்காச்சோள அறுவடை நடந்துகொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் குவாரி சாலையில் தனியாகப் போனான். கீழே கேட்டில் சரக்கு ரயில். நீங்கள்தானே அங்கே முதலில் போனது, உங்களுக்கே தெரியும். அவன் தனியாக இருந்ததை நல்ல விஷயம் என்று நான் ஐரீனிடம் சொன்னேன். அவள் ஏன் அப்படி என் முகத்தைப் பார்த்தாள் என்று தெரியவில்லை.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மெர்ல் என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். "அந்த வண்டிய நான்தான கேட்டேன் லோவெல், நான்தான கேட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அப்படியெல்லாம் மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள் என்றேன். உண்மையாகவே எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது.

இனிமேல் சொல்வதுதான் எனக்குத் தாங்கவில்லை. திங்கட்கிழமை வட்டார அதிகாரியைக் கூப்பிட்டு ஒப்பந்தத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டார் மெர்ல். கடையே வேண்டாம் என்றுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏணி வைத்துப் பலகையைக் கழற்றுகிறார்கள், நான் எதிரே காபிக் கடையில் உட்கார்ந்து பார்க்கிறேன். நான் இந்த ஊரில் என்னதான் பாவம் செய்தேன்? இத்தனை வருஷ உழைப்புக்கு இதுதான் மரியாதையா? நீங்களே சொல்லுங்கள். நீங்கள் டென்னியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், எனக்கு நடந்ததைப் பற்றி இந்த ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

ஆமாம், டென்னி விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். அவன் சாக வேண்டும் என்று நினைத்துத்தான் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மற்ற மூன்றும் வேறு விஷயம், அவற்றை இதோடு சேர்க்காதீர்கள். அவை வியாபாரம். ஒன்றை வாங்கியவர் பந்தயக்காரர், அன்றே பிரேக்கை மாற்றிக்கொண்டார், விவரமானவர். இன்னொன்றை எஃகு ஆலையில் வேலை பார்க்கும் ஒருத்தன் வாங்கினான். போன மாதம் பாலத்துத் தூணில் மோதிப் போய்ச் சேர்ந்துவிட்டான். பத்திரிகையில் அதிவேகம் என்று போட்டிருந்தார்கள், சரியாகத்தான் போட்டிருந்தார்கள். அவனை முன்கூட்டி எச்சரித்திருக்கலாமே என்கிறீர்கள். என்ன சொல்லி எச்சரிப்பது? பிரேக்கை மாற்றுங்கள் என்றால், முதலிலேயே ஏன் போடவில்லை என்று கேட்பான். கடையின் பெயர் என்ன ஆவது?

நாலாவது வண்டியை வாங்கியது திருமதி யோஸ்ட். மகன் ஆல்வின் வியட்நாமிலிருந்து திரும்பி வரும்போது வாசலில் நிற்க வேண்டும் என்று, மூன்று வருஷம் துணி தைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கினாள். "பத்திரமான வண்டிதானா தம்பி?" என்று டென்னியைக் கேட்டாள். "நானே இதைத்தாம்மா ஓட்டறேன்" என்றான். நான் பக்கத்தில் உட்கார்ந்து விற்பனைக் காகிதத்தை எழுதிக்கொண்டிருந்தேன். டென்னி போன பிறகு அந்த அம்மாள் வண்டியைக் கொட்டகையில் பூட்டி வைத்திருந்ததாகக் கேள்வி. ஆல்வின் நேற்றுத்தான் வந்திறங்கினானாம், காபிக் கடையில் பேசிக்கொண்டார்கள்.

அவள் வீடு குவாரி சாலையில், மேட்டின் மேலே. ஃபோன் எண் வேண்டுமா? எனக்கு மனப்பாடம், வாடிக்கையாளர்கள் எல்லோருடைய எண்ணும் மனப்பாடம். இதோ சொல்கிறேன், சுழற்றுங்கள்.

மணி அடிக்கிறது, எனக்கே கேட்கிறது. யாரும் எடுக்கவில்லை. வெளியே வெயில் அடிக்கிறது, ஒரு வாரத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் சாலை காய்ந்திருக்கிறது. மகன் அம்மாவை ஒரு சுற்றுக் கூட்டிப் போயிருப்பான், எந்தப் பையனும் செய்வதுதான். நீங்கள் ஏன் தொப்பியை எடுக்கிறீர்கள்? ஓடுவதானால் ஓடுங்கள், நான் எங்கேயும் போய்விட மாட்டேன், இந்தக் காபியை முடித்துவிட்டு இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். அந்த அம்மாளைப் பார்த்தால் லோவெல் ப்ரூனர் விசாரித்ததாகச் சொல்லுங்கள். என்னிடம் வண்டி வாங்கியவர்கள் இதுவரை ஒருவர்கூடத் திரும்பி வந்து என்னைக் குறை சொன்னதில்லை.